அப்பாரு கதை: போனில் பதிவா, நோட்டில் எழுத்தா?

மாடு பூட்டி, சால் என்னும் பெரிய வாளியில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியது, சென்னிமலையில் தறி நெய்தது, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியது. அப்பாரு (தாத்தா) சொல்வதை எப்படிச் சேர்த்து வைப்பது? நான் இரண்டு வழியும் பார்த்துவிட்டேன்.

செலவு: 128 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் 1 மணி நேரப் பேச்சு போனில் சுமார் 58 எம்பி இடம் பிடிக்கும். நோட்டுக்குச் சில்லறைக் காசு.

ஆயுள்: போன் தொலைந்தால் போச்சு, நகல் கட்டாயம். நோட்டுக்குக் கரையான்.

சுலபம்: போன்தான். "சால் மேல வாரப்ப உருளை கிறீச்சுங்குங் கண்ணு" என்று அப்பாரு வெறுங்கையால் வடத்தை இழுத்துக் காட்டினார். அந்தக் குரலை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

தெளிவு: நோட்டு. ஈரோட்டைக் "கோயமுத்தூர் ஜில்லா" என்பார். 1979-இல் தனி மாவட்டமானதை ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பேச்சும் வழக்கும் வேண்டுமா, போன். எந்த வேலைக்குப் பிறகு எது என்ற வரிசை வேண்டுமா, நோட்டு. பெரியவருக்கு உடம்பு தளர்ந்திருந்தால் யோசிக்காமல் இன்றைக்கே போனை எடுங்கள். அப்புறம் நிதானமாக எழுதலாம்.