மடையடைப்பும் கதிர்கோல் முறிப்பும்: செல் சுழற்சியைத் தாக்கும் இரு மருந்துகள்

திருநெல்வேலிச் சீமையின் மானாவாரிக் காடுகளில் இலைக்கும் வேருக்குமாகப் பயிரிடப்படும் நித்தியகல்யாணியை, சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. அந்த இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதை இன்றுவரை விலக்க முடியவில்லை. அதற்கு எதிரே வைத்துப் பார்க்கத்தக்கது, முழுக்க ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்டு 2015-இல் அனுமதி பெற்ற பால்போசிக்ளிப். இரண்டும் செல் சுழற்சியையே, அதாவது ஒரு செல் வளர்ந்து இரண்டாகும் சுற்றையே தாக்குகின்றன. தாக்கும் இடம் வேறு.

செல் இரண்டாகப் பிரியும் இறுதிக் கட்டத்தில், குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் அமையாதபடி, அவற்றின் கட்டுமானப் பொருளான டியூபுலின் புரதத்தை வின்கிரிஸ்டின் பற்றிக்கொள்கிறது. பாதியில் சிக்கிய செல் பெரும்பாலும் மடிகிறது. ஆனால் நரம்புகளுக்கும் டியூபுலின் வேண்டும் என்பதால் விரல்கள் மரத்துப்போகின்றன. குடல் மந்தமாகி மலம் கட்டுகிறது.

பால்போசிக்ளிப் தொடக்கத்திலேயே மறிக்கிறது. கன்னடியன் கால்வாயின் ஒரு மடையை எண்ணிக்கொள்ளலாம்: ஆர்பி என்னும் புரதம் மடைப்பலகை; சிடிகே4, சிடிகே6 என்னும் நொதிகள் அதைத் தூக்கும் கைகள். மருந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்வதால், செல் தன் டிஎன்ஏவை இரட்டிக்கும் கட்டத்துக்குள் நுழைவதில்லை. பலகையே அடித்துக்கொண்டு போய்விட்ட, அதாவது ஆர்பி அழிந்துவிட்ட புற்றில், கையைப் பிடித்துப் பயனில்லை. தண்ணீரை நிறுத்துவதுதான் மடையின் வேலை என்பதுபோல, இம்மருந்தும் செல்லைப் பெரும்பாலும் நிறுத்திவைக்கிறதே தவிரக் கொல்வதில்லை. ஆகவே ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றில் ஹார்மோன் தடுப்பு மருந்தோடு சேர்த்தே தரப்படுகிறது. அத்தகைய ஹார்மோன் தடுப்பு மருந்தான லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 14.5 மாதம், பால்போசிக்ளிப்பும் சேர்ந்தபோது 24.8 மாதம். ஆயினும் மொத்த ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை. இதே வகையைச் சேர்ந்த ரிபோசிக்ளிப், லெட்ரோசோலோடு சேர்ந்து, இடைநிலை ஆயுளை 51.4 மாதத்திலிருந்து 63.9 மாதமாக உயர்த்தியதால், இதயத் துடிப்பை ஈசிஜியில் கண்காணிக்க வேண்டிய தொல்லை இருந்தும் நான் அதையே மேலாகக் கருதுவேன்.

சிடிகே4, சிடிகே6 ஆகியவற்றை மட்டும் குறிவைக்கும் துல்லியம் ஏன் வேண்டும் என்பதற்கு ஃபிளேவோபிரிடால் என்ற சோதனை மருந்து சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலை மரமொன்றில் கிடைக்கும் ரோகிடுகைன் என்ற மூலப்பொருளைத் தழுவி உருவான அது, பல சிடிகேக்களை ஒருசேர மறித்தது. நல்ல செல்லும் தாங்கவில்லை, மருந்துக்கடைக்கும் வந்து சேரவில்லை.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், வின்கிரிஸ்டின் சிரை என்னும் ரத்தக்குழாயில் போடும் ஊசி. சிரைக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால் பழகிய கையே போட வேண்டும். பால்போசிக்ளிப், 21 நாள் விழுங்கி 7 நாள் விடும் மருந்து. இறங்கிய வெள்ளணுக்கள் அந்த ஓய்வில் பெரும்பாலும் மீள்கின்றன. திசையன்விளையில் வீட்டிலிருந்தபடியே விழுங்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், முதல் இரண்டு சுற்றுகளில் 15-ஆம் நாளிலும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் அடுத்த மருந்தைத் தொடக் கூடாது.