செம்பும் துத்தநாகமும்: புளித்தண்ணீர் சொல்லும் வேறுபாடு

நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை; ஊரை ஒட்டித் தாமிரபரணி. செம்பின் மீது எங்களுக்குப் பழைய பாசம். ஆனாலும் கிணற்றடியில் கிடப்பது துத்தநாகம் பூசிய இரும்பு வாளிதான். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் களிம்பு போகும், உலோகம் அசையாது. அதே புளித்தண்ணீரை வாளியில் ஊறவிட்டால் பூச்சே கரையத் தொடங்கும்.

திட்ட மின்முனை அழுத்தம் (ஹைட்ரஜனோடு ஒப்பிட்டு அளப்பது; எண் குறையக் குறைய உலோகம் எளிதில் அயனியாகிக் கரையும்) சொல்வதும் இதுவே: செம்புக்கு +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76.

காரணத்தை அயனியாக்கும் ஆற்றலில் மட்டும் தேடுபவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்க, மோலுக்குச் செம்பு ஏறக்குறைய 2,700 கிலோஜூல் கேட்கிறது, துத்தநாகம் 2,640. இது ஒரு வித்தியாசமா? நீரேற்றத்தில், அதாவது அயனியை நீர் மூலக்கூறுகள் சூழும்போது, வெளிவரும் ஆற்றலோ செம்புக்கே சற்றுக் கூடுதல். வழக்கைத் தீர்ப்பது, திண்மத்திலிருந்து அணுவைப் பிரித்தெடுக்கும் செலவு. செம்பில் அது சுமார் 338 கிலோஜூல். துத்தநாகத்தில் வெறும் 130. துத்தநாகத்தின் டி எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டுக்கு உள்ளே நிரம்பியிருப்பவை) அணுக்களின் பிணைப்புக்குப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

கரைசலின் செறிவும் வெப்பநிலையும் மாறினால் மின்முனை அழுத்தமும் நகரும். அதனால்தான் 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்), 25 டிகிரி செல்சியஸ் என்ற கட்டுப்பாடு.

வாளியில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முந்திக் கரைந்து இரும்பைக் காக்கும். செம்பைப் பூசியிருந்தால், கீறிய இடத்தில் இரும்புதான் விரைந்து துருப்பிடிக்கும்.