பாரிமுனையைப் புதுப்பிக்க யார் பணம் போடுவது?

துணி மூட்டையோடு ஒரு மீன்பாடி வண்டி சென்னைப் பாரிமுனையின் கோடவுன் தெருவில் திரும்பினால் போதும், பின்னால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் நகராது. மழைக்கு மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். 1996-ல் இங்கிருந்த கொத்தவால் சாவடியின் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர் பஸ்களும் அங்கேயே போயின. அத்தோடு பாரிமுனை படுத்துவிடும் என்றார்கள். படுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, மொத்தத் துணிக்கு கோடவுன் தெரு என்று இன்றும் சனம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வடிகாலும் நடைபாதையும் தலைக்கு மேல் தொங்கும் கம்பிகளும்தான் வியாபாரத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் நிற்கின்றன.

பிராட்வே பேருந்து நிலையமும் குறளகமும் 800 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதிதாகக் கட்டப்படுகின்றன. சரி, அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு யார் பணம் போடுவது?

நம் ஊர் பழகிய பதில் மானியம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவழித்து, 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். நடப்பதற்கு நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் அந்தத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துபோனது. அடுத்த மானியம் எப்போது, எந்தத் தெருவுக்கு என்பதை டெல்லியும் கோட்டையும்தான் முடிவு செய்யும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றால் நாலு வழிகள் இருக்கின்றன.

முதலாவது அமெரிக்கச் சரக்கு. டாக்ஸ் இன்க்ரிமென்ட் ஃபைனான்சிங், சுருக்கமாக டி.ஐ.எஃப். ஒரு வட்டாரம் இன்று ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் சொத்து வரி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 1 கோடியை அடிப்படை என்று உறைய வைத்துவிடுவார்கள். கடன் வாங்கித் தெருவைச் சீர்செய்கிறார்கள். சொத்து மதிப்பு ஏறி வரி 1 கோடியே 80 லட்சம் ஆனால், கூடுதலான 80 லட்சம் பொதுக் கஜானாவுக்குப் போகாது, அந்த வட்டாரத்தின் கடனை அடைக்கவே போகும். நாளைய வரியை இன்றைக்கே அடகு வைக்கிற ஏற்பாடு. கலிஃபோர்னியா 1952-ல் தொடங்கி வைத்தது. சிகாகோ நகர மையத்தில் 1984 முதல் 2008 வரை இப்படி ஒரு வட்டாரம் இருந்தது. அங்கே பாழடைந்து கிடந்த பழைய நாடக அரங்குகள் சில அந்தப் பணத்தில்தான் மீண்டும் விளக்கேற்றின.

கேட்க இனிக்கிறது. ஆனால் தொடங்கி வைத்த கலிஃபோர்னியாவே 2012-ல் இந்த ஏற்பாட்டை நடத்திவந்த நானூறுக்கு மேற்பட்ட மறுசீரமைப்பு முகமைகளை மொத்தமாகக் கலைத்தது. பள்ளிகளுக்குப் போக வேண்டிய வரிப் பணம் இந்த வட்டாரங்களில் முடங்கியது, அந்தப் பள்ளத்தை மாநில அரசு தன் கையிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: திட்டமே இல்லாவிட்டாலும் எப்படியும் ஏறியிருக்கக் கூடிய வரியையும் சேர்த்து வட்டாரம் அள்ளிக்கொள்கிறது.

இதைச் சென்னையில் பொருத்திப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. டி.ஐ.எஃப். ஓட வேண்டுமானால் சொத்து மதிப்போடு வரியும் அசைய வேண்டும். நம் மாநகராட்சி தெருவுக்குத் தெரு ஓர் அடிப்படை விகிதம் வைத்து அரையாண்டு வரி போடுகிறது. பழைய சென்னையில் அந்த விகிதம் 1998-ல் போட்டது. 2018-ல் உயர்த்தினார்கள். 2019 நவம்பரில், அதாவது பாண்டி பஜார் வளாகம் திறந்த அதே மாதத்தில், அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள், கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2022-ல்தான் உயர்வு நிலைத்தது, வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம் வரை. பாண்டி பஜாருக்கு டி.ஐ.எஃப். கடன் கொடுத்த வங்கி ஒன்று இருந்திருந்தால் அதன் மேலாளர் நிலையை நினைத்துப் பாருங்கள். தெரு பளபளக்கிறது, கடை வாடகை ஏறினால் அது கட்டட உரிமையாளர் பைக்குப் போகிறது, கடனை அடைக்க வேண்டிய வரி மட்டும் 1998-ல் நிற்கிறது.

இப்போது நிலைமை மாறிவிட்டதே என்பார்கள். 2024-ல் 6 சதவீதம் உயர்த்தினார்கள், உண்மை. ஆனால் அது ஊர் முழுக்க ஒரே மாதிரி ஏறியது. ஆண்டுதோறும் அப்படி ஏறினால் 12 ஆண்டில் எந்தத் தெருவின் வரியும் இரண்டு மடங்காகும், அங்கே ஒரு செங்கல்லைக்கூட வைக்காமல். அந்த உயர்வைப் பாரிமுனைக்கு மட்டும் ஒதுக்கினால் மணலிக்கும் பெருங்குடிக்கும் போக வேண்டிய பணத்தை எடுத்துவந்தது போலத்தான். மறுசீரமைப்பால் கிடைத்த வருமானம் என்று அதைச் சொல்ல முடியாது.

பாரிமுனைக்கே உரிய முடிச்சு ஒன்றும் உண்டு. இங்கே பல கடைகள் தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு நடப்பவை. சில இடங்கள் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தம். அப்படிப்பட்ட இடத்தில் யாரும் இடித்துக் கட்டவோ விற்கவோ அவசரப்பட மாட்டார்கள். டி.ஐ.எஃப். எதிர்பார்க்கும் புதுக் கட்டட வேகமே இங்கே கிடையாது.

இரண்டாவது, நகராட்சிப் பத்திரம். மாநகராட்சி தன் பெயரில் முதலீட்டாளர்களிடம் வட்டிக்குக் கடன் வாங்குவது. 2025 மே மாதம் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டு, தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. வட்டி 7.97 சதவீதம். கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் மழைநீர் வடிகாலுக்கான பணம் அது. ஆண்டுக்கு வட்டி மட்டும் கிட்டத்தட்ட 16 கோடி. பதிலுக்கு, 100 கோடிக்கு 13 கோடி என்ற கணக்கில் மத்திய அரசு ஊக்கத்தொகை தரும் ஏற்பாடு இருப்பதால் கை கொஞ்சம் லேசாகும். இங்கே முதலீட்டாளர் பார்ப்பது மாநகராட்சியின் மொத்த வருமானத்தை. பாரிமுனை வரி ஏறுமா என்ற சூதாட்டத்துக்கு வேலையில்லை. ஊர் முழுக்கக் கட்டுகிற கடன் ஏன் ஒரு வட்டாரத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். வடிகால், குடிநீர்க் குழாய், மண்ணுக்கடியில் கேபிள் போன்ற அடிப்படை வேலைகளுக்கு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, பாரிமுனையில் மூட்டை நின்றால் புறநகர்க் கடைக்காரருக்கும்தான் சரக்கு நிற்கிறது.

மூன்றாவது, பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதல் தளப்பரப்பைக் காசுக்கு விற்பது. 2019 கட்டட விதிகளின்படி சாலை அகலத்தைப் பொறுத்து 30, 40, 50 சதவீதம் என்று கூடுதலாக வாங்கலாம். அண்ணா சாலைக்கு இது அமிர்தம். பாரிமுனைக்கு? 9 மீட்டருக்குக் குறைந்த சாலையில் இந்தச் சலுகையே இல்லை, பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனின் உள்தெருக்களில் போய் அளவுநாடாவை விரித்துப் பாருங்கள். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நாலாவது, வியாபாரிகளே ஒரு கட்டணம் போட்டுக்கொண்டு தங்கள் தெருவைப் பார்த்துக்கொள்வது. 1970-ல் டொரண்டோவின் ஒரு கடைவீதியில் தொடங்கிய வழக்கம், பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஆட்கள் முன்பணம் தருவார்களா என்று சிரிப்பவர்களுக்கு ஆலந்தூரை நினைவூட்ட வேண்டும். தனி நகராட்சியாக இருந்த காலத்தில் அங்கே பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைக்கு 10,000 ரூபாய் என்று மக்களே வைப்புத்தொகை கட்டினார்கள், மீதியைக் கடனாக வாங்கி வேலை நடந்தது. குழாய் தங்கள் வாசலுக்கு வரும் என்பது கண்ணுக்குத் தெரிந்ததால் கட்டினார்கள். இந்த வழியில் பெரிய வடிகால் கட்ட முடியாது. குப்பை, விளக்கு, சரக்கு ஏற்றி இறக்க நேர ஒழுங்கு, நடைபாதைப் பராமரிப்பு, இவற்றுக்குப் போதும். பணம் அதே தெருவில் செலவாகிறதா என்று கடைக்காரர் வாசலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் பாரிமுனையில் மண்ணுக்குள் போகிற வேலைக்குப் பத்திரம், மண்ணுக்கு மேலே இருப்பதைப் பராமரிக்க வியாபாரிகள் கட்டணம். டி.ஐ.எஃப்.-ஐ இன்னும் பத்து ஆண்டுக்கு அலமாரியிலேயே வைக்கலாம், அதற்குள் தெருவாரி விகிதத்தை ஒழுங்காகத் திருத்துகிற பழக்கம் வருகிறதா பார்ப்போம்.

கட்டணத்தில் ஒரு வில்லங்கம் மட்டும் பாக்கி. அதைக் கடைக்காரர் கட்டுவதா, கட்டட உரிமையாளர் கட்டுவதா? தெரு அழகானால் வாடகையை ஏற்றப் போகிறவர் உரிமையாளர், வாடகை ஏறினால் காலி செய்ய வேண்டியவர் கடைக்காரர். பாதிப் பாதி என்று எழுதி, கட்டணம் வைத்த நாளிலிருந்து சில ஆண்டுக்கு வாடகை ஏற்றம் இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்தால்தான் கோடவுன் தெருவில் கையெழுத்து விழும். நடைபாதைக் கடைக்காரருக்கு 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் இடம் உண்டு, இந்தக் கட்டணக் குழுவிலும் அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டியிருக்கும்.