கோவைப் பதிப்புகளில் இடஒதுக்கீட்டுச் செய்தி: எது தேறும், எது தேறாது

கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நேரத்தில் நாளிதழ்களின் கோவை, ஈரோடு பதிப்புகளை நம்பி வாங்கலாம். விண்ணப்பக் கெடு, தரவரிசை நாள், போன வருடத்துக் கட் ஆஃப் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். சறுக்கல் விவாதத்துக்குரிய செய்திகளில்தான்.

அருந்ததியர் உள்ஒதுக்கீட்டைப் பாருங்கள். கொங்கு மாவட்டங்களில் அவர்கள் பெருந்தொகையினர். அதனால் இங்கே இது வீட்டுச் செய்தி. 2009 சட்டப்படி கிடைக்கும் 3 சதவீதம், பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்கு உள்ளேயே இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோரின் 26.5 சதவீதம் குறையவில்லை, மொத்த ஒதுக்கீடான 69 சதவீதமும் கூடவில்லை. தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த இடம் மற்ற பட்டியல் சாதியினருக்குப் போகும். மீதி 15க்கும் அருந்ததியர் போட்டியிடலாம். ஒரு பெட்டிச் செய்தியில் அடங்குகிற கணக்கு இது. அதை விட்டுவிட்டு ‘3% ஒதுக்கீடு’ என்று மட்டும் தலைப்புப் போட்டால், “இன்னொரு மூணு சேத்திக் குடுத்துட்டாங்களாமுங்க” என்றுதான் டீக்கடையில் பேச்சு கிளம்பும். ஒதுக்கீடு போக மீதியுள்ள பொதுப்பிரிவு 31 சதவீதமும் இப்படித்தான். அது முற்பட்டோருக்கான பங்கு அல்ல, மதிப்பெண் இருந்தால் எந்தச் சாதியினரும் எடுக்கலாம் என்ற வரி அட்டவணைக்குக் கீழே அவசியம் வேண்டும்.

தீர்ப்புச் செய்தியில் இன்னொரு சிக்கல். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 6க்கு 1 என்ற கணக்கில் உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. கிரீமிலேயர், அதாவது வசதி பெற்றவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது பற்றி நான்கு நீதிபதிகள் எழுதியது அவர்கள் கருத்து. அமர்வின் முன் இருந்த கேள்வி அதுவல்ல. இரண்டையும் ஒரே தலைப்பில் கலந்தால், வராத விதி வந்துவிட்டதாகப் பெற்றோர் பதறுவார்கள். முதல்நாள் தலைப்போடு நிற்காமல், ‘உத்தரவிட்டது’ எது, ‘கருத்து தெரிவித்தார்’ எது என்று பிரித்துப் படியுங்கள்.

மாவட்டப் பக்கம்தான் ரொம்ப ஏமாற்றம். பர்கூர் மலையில் வாழும் மலையாளி என்ற சமூகத்தார் (கேரளத்தவர் அல்ல) பழங்குடிச் சான்று கேட்டு ஈரோடு ஆட்சியரிடம் மனு கொடுத்தால் படமும் நாலு வரியும் வரும்; ஏன் கிடைக்கவில்லை என்பது வராது. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் சேலம், தருமபுரி போன்ற சில மாவட்டங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ஈரோடு 1979 வரை கோவையோடு இருந்தது. கோவை அந்த வரிசையில் இல்லை, அதனால் ஈரோடும் இல்லை. பட்டியலைத் திருத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும், ஆட்சியரால் ஆகாது. இதைச் செய்தியில் சேர்த்தால் கேள்வி தொகுதி எம்.பி.யிடம் போய்ச் சேரும்.