ஸ்டாட்டிக்கா பிரஷ்லெஸ்ஸா? பெரிய ஜெனரேட்டர் ஃபீல்டுக்கு எது தோது

ஜெனரேட்டர்ல சுத்துற பாகமான ரோட்டரை காந்தமாக்க அதோட காயிலுக்கு, அதாவது ஃபீல்டுக்கு, டிசி கரண்ட் குடுக்கறதுதான் எக்ஸைட்டேஷன். 210 மெகாவாட் யூனிட்ல இருந்தவங்க ஸ்டாட்டிக் எக்ஸைட்டேஷன்தான் ஒசத்தின்னுவாங்க, 500ல இருந்தவங்க பிரஷ்லெஸ் மாதிரி வருமான்னுவாங்க. மெஷின் செய்யற அரசு கம்பெனி பிஎச்இஎல் 210ல ஸ்டாட்டிக், 500ல பிரஷ்லெஸ்னு குடுத்ததால அவங்கவங்க பழகின மெஷின் அவங்கவங்களுக்கு ஒசத்தி, அவ்ளோதான். நான் ரெண்டுலயும் ஷிஃப்ட் பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

ஸ்டாட்டிக்ல ஜெனரேட்டர் டெர்மினல்லேர்ந்தே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியா கரண்ட் எடுத்து, தைரிஸ்டர்ங்கற கண்ட்ரோல் பண்ணக்கூடிய டயோடுல டிசி ஆக்கி, கார்பன் பிரஷ், ஸ்லிப் ரிங் வழியா ரோட்டருக்குள்ள அனுப்புறோம். பிரஷ்லெஸ்ல ஷாஃப்ட் கடைசில ஒரு பெர்மனென்ட் மேக்னட் மெஷின், அது ஏவிஆருக்கு (வோல்டேஜை தானா சீரா வச்சுக்கற ரெகுலேட்டர்) சப்ளை தரும், ஏவிஆர் மெயின் எக்ஸைட்டரோட ஃபீல்டை மட்டும் கண்ட்ரோல் பண்ணும், எக்ஸைட்டர்ல வர்ற ஏசியை ஷாஃப்டோட சேர்ந்து சுத்துற டயோடு வீல் டிசி ஆக்கி நேரா ரோட்டருக்கு குடுத்துடும். 500 மெகாவாட் ரோட்டருக்கு சுமார் 4000 ஆம்பியர் வேணும், அதை பிரஷ் வழியா அனுப்ப வேண்டாம்ங்கறதே பெரிய நிம்மதி.

பிரஷ் கஷ்டம் பட்டவனுக்குத்தான் தெரியும். ஒரு நைட் ஷிஃப்ட்ல ரவுண்ட்ஸ் போனா ஸ்லிப் ரிங் பக்கம் பொறி பறக்குது, கரண்ட் எல்லா பிரஷ்லயும் சமமா போகாம ரெண்டு மூணே இழுத்துட்டு பிக்டெயில் (பிரஷ்லேர்ந்து வர்ற செம்பு ஒயர்) கருகி நிக்குது. மெஷின் ஓடும்போதே, ரப்பர் மேட்ல நின்னு, கிளவுஸ் போட்டு, ஒரு நேரத்துக்கு ஒரே பிரஷ்னு மாத்தி முடிக்க விடிஞ்சிடுச்சு. கார்பன் தூசி படிஞ்சு ரோட்டர் இன்சுலேஷன் இறங்கறது தனிக்கதை.

இதை கேட்டா பிரஷ்லெஸ் ஜெயிச்ச மாதிரி இருக்கும், ஆனா ஒரு டிரிப் ஆகட்டும் அப்ப தெரியும். ஸ்டாட்டிக்ல ஃபீல்டு பிரேக்கர் திறந்து கரண்ட்டை ரெசிஸ்டருக்கு தள்ளலாம், இல்லன்னா அந்த தைரிஸ்டர் கன்வெர்ட்டரை இன்வெர்ஷனுக்கு கொண்டுபோய் ஃபீல்டுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் குடுத்து கரண்ட்டை சீக்கிரம் இறக்கலாம். பிரஷ்லெஸ்ல நாம எக்ஸைட்டர் ஃபீல்டைத்தான் கட் பண்ண முடியும், ரோட்டர் கரண்ட் அந்த டயோடு வழியாவே சுத்திக்கிட்டு பல செகண்ட் கழிச்சுத்தான் அடங்கும். ஜெனரேட்டருக்கும் ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவுல பிரேக்கர் இல்லாத யூனிட்ல அங்க ஃபால்ட் வந்தா அவ்ளோ நேரமும் மெஷினே தன் ஃபால்ட்டுக்கு தீனி போடும். டயோடு ஃபியூஸ் போச்சான்னு பாக்கக்கூட ஸ்ட்ரோப் லைட் அடிச்சு பாக்கணும்.

ஸ்டாட்டிக்கை குறை சொல்றவங்க பக்கத்துல ஃபால்ட் வந்தா டெர்மினல் வோல்டேஜே விழுந்துடும், எக்ஸைட்டேஷன் எங்கேர்ந்து வரும்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான், ஆனா 400 கேவி லைன் ஃபால்ட் சுமார் 100 மில்லி செகண்ட்ல கிளியர் ஆயிடும், அதுவரைக்கும் ரோட்டர் ஃபிளக்ஸ் தாங்கும், வோல்டேஜ் திரும்பின உடனே ஸ்டாட்டிக் ஃபோர்ஸ் பண்ணும், அதாவது ஃபீல்டு வோல்டேஜை உச்சத்துக்கு ஏத்தும். பிரஷ்லெஸ்ல எக்ஸைட்டரோட சொந்த டைம் கான்ஸ்டன்ட், அதாவது அது ஏற எடுத்துக்கற நேரம், நடுவுல நிக்கும். இப்ப வர்ற ஹை இனிஷியல் ரெஸ்பான்ஸ் பிரஷ்லெஸ் மாடல் 0.1 செகண்ட்ல கிட்டத்தட்ட உச்சிக்கு போயிடும்ங்கறதால இந்த வித்தியாசம் முன்ன அளவுக்கு இல்ல.

வேகம்னாலே நல்லதுன்னும் நினைச்சிடாதீங்க. ஹை கெயின் ஏவிஆர் வோல்டேஜை டக்குனு பிடிக்கும், ஆனா ரோட்டர் ஊஞ்சல் மாதிரி ஆடுறதை அடக்கற டேம்பிங்கை தின்னுடும். 1969லயே டி மெல்லோ, கன்கார்டியான்னு ரெண்டு இன்ஜினியருங்க இதை கணக்கா போட்டு காட்டிட்டாங்க, மருந்து பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர், சுருக்கமா பிஎஸ்எஸ், ஆட்டத்தை பாத்து எக்ஸைட்டேஷனை ஏத்தி இறக்கி அதை அடக்கும். 1996 ஆகஸ்ட் 10 அமெரிக்க மேற்கு கிரிட்ல மெக்நேரி அணையோட 13 யூனிட்டும் எக்ஸைட்டர் புரொட்டெக்ஷன் தப்பா வேலை செஞ்சு ஒண்ணொண்ணா டிரிப் ஆக, செகண்டுக்கு கால் சைக்கிள் ஆட்டம் பெருசாகிட்டே போய் கிரிட் நாலு துண்டாச்சு, சுமார் 75 லட்சம் கனெக்ஷனுக்கு கரண்ட் போச்சு. நம்ம நாட்டுலயும் 100 மெகாவாட்டும் அதுக்கு மேலயும் இருக்கற யூனிட் ஏவிஆர்ல பிஎஸ்எஸ் இருக்கணும்னு சிஇஏ (மத்திய மின்சார ஆணையம்) விதி இருக்கு. பிரஷ்லெஸ்லயும் பிஎஸ்எஸ் போடலாம், ஆனா நடுவுல தாமதம் ஜாஸ்திங்கறதால டியூனிங்ல அந்த தாமதத்தை ஈடுகட்ட ஃபேஸ் லீட் (சிக்னலை முன்கூட்டி தள்றது) அதிகமா குடுக்கணும்.

ஹைட்ரோவுக்கு யோசிக்கவே வேணாம், மெதுவா சுத்துற மெஷினுக்கு எக்ஸைட்டர் குண்டாயிடும், ஸ்டாட்டிக்தான். தெர்மல்ல என்னை கேட்டா நீளமான லைன் முனைல தனியா நிக்கற ஸ்டேஷனுக்கு ஸ்டாட்டிக், ஆனா பிஎஸ்எஸ்ஸை அந்த கிரிட்டுக்கு டியூன் பண்ணி ஆன்ல வச்சிருக்கணும். சுத்தி 400 கேவி லைன் நிறைய இருக்கற ஸ்டேஷன்னா பிரஷ்லெஸ் எடுத்துக்கோங்க, கூடவே ஜெனரேட்டர் பிரேக்கரும் கேட்டு வாங்குங்க.