கீழமை நீதிபதி மீது புகார்: உயர் நீதிமன்ற விஜிலென்ஸ் பிரிவை நம்பிப் போகலாமா?

மாஜிஸ்திரேட், முன்சீப், சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி, யாராக இருந்தாலும் பதவியைத் தவறாகப் பயன்படுத்தினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் பிடி உயர் நீதிமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 235ஆம் பிரிவு அப்படி வைத்திருக்கிறது. கலெக்டரிடம் கொடுத்தாலும், மத்திய அரசின் குறைதீர் தளத்தில் போட்டாலும், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மிஞ்சிப்போனால் மனுவை உயர் நீதிமன்றத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த வீண் சுற்று வேண்டாம். நீதிபதிகள் மீதான புகாரைப் பார்க்கும் விஜிலென்ஸ் பிரிவுக்கு, 'ரிஜிஸ்ட்ரார் (விஜிலென்ஸ்), சென்னை உயர் நீதிமன்றம், சென்னை 600 104' என்று நேராக எழுதுங்கள். பெஞ்ச் கிளார்க் அல்லது அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) பணம் கேட்டார் என்பது வேறு விஷயம். ஊழியர்கள் மீதான புகார் முதன்மை மாவட்ட நீதிபதிக்குப் போக வேண்டும்.

இந்தச் சேவையில் பெரும்பாலோர் சறுக்குவது முதல் படியிலேயே. மொட்டைக் கடுதாசிக்கு இங்கே மதிப்பில்லை. பெயர் போட்டு எழுதினாலும் போதாது. இந்தியத் தலைமை நீதிபதி 2014 அக்டோபரில் அனுப்பிய வழிகாட்டுதலின்படி, சத்தியப் பிரமாணப் பத்திரமும் (அஃபிடவிட்) சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இல்லாத புகாரை எடுத்துக்கொள்ளவே வேண்டியதில்லை. நோட்டரி முன் கையெழுத்திட்ட அஃபிடவிட்டை முதல் தாளாக வையுங்கள். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண், நடந்த தேதி, நேரம், நீதிபதி சொன்ன வார்த்தைகள் அப்படியே, அப்போது அங்கிருந்தவர்கள், இவை அதில் வர வேண்டும். நகல் மனு போட்டு அன்றைய உத்தரவின் சான்றிட்ட நகலையும் வாங்கி இணையுங்கள். கோர்ட் ஹாலுக்குள் ரகசியமாகப் பதிவு செய்த ஆடியோவை நம்பிப் போகாதீர்கள், அது உங்கள் மீதே திரும்பும்.

இரண்டாவது சறுக்கல், உத்தரவையே புகாராக எழுதுவது. 'ஜாமீன் மறுத்தார்', 'சாட்சியை நம்பவில்லை' என்பதெல்லாம் அப்பீல், ரிவிஷன் சமாச்சாரம். தவறான உத்தரவு மட்டும் ஒழுங்கீனம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலும் 2019இலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது சரியான பாதுகாப்புதான். கண்டிப்பான நீதிபதியைத் துரத்த வழக்காடிகளும் வக்கீல்களும் புகாரை ஆயுதமாக்குவது உண்டு. நேர்மையான அதிகாரியை அதிலிருந்து காப்பது உயர் நீதிமன்றத்தின் கடமை என்று 1988லேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் உத்தரவுக்குப் பின்னால் பணம், உறவு, வேண்டுமென்றே சட்டத்தை மீறுதல் இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் 1993 முதல் உள்ள நிலைதான். எனவே உத்தரவைத் தொட வேண்டியிருந்தால், அதன் பின்னணியைக் காட்டும் ஆதாரத்தோடு தொடுங்கள்.

உத்தரவு அல்லாமல் நடத்தையே புகாராவதற்கு ஓர் உதாரணம்: கோர்ட்டில் செல்போன் ஒலித்துவிடுகிறது. வேண்டுமென்றே அவமதித்தவரை அங்கேயே தண்டிக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 384ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கும் விளக்கம் கேட்க வேண்டும், நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும், அபராதம் 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, பிடித்து வைத்தால் அன்று கோர்ட் கலைவதற்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். பதிவே இல்லாமல் ஒருவரைக் கூண்டுக்குள் நிறுத்தி வைத்தால், அது புகாருக்குரிய அத்துமீறல்.

உள்ளே போன மனு மெதுவாக நகரும். முதலில் உண்மைத்தன்மை பார்ப்பார்கள். பிறகு நீதிபதியிடம் விளக்கம், தேவைப்பட்டால் ரகசிய விசாரணை, அதன்பின் குற்றச்சாட்டு மெமோ, முறையான விசாரணை. கண்டனம், இன்கிரிமென்ட் நிறுத்தம் முதல் பணிநீக்கம் வரை தண்டனை போகலாம். பணிநீக்க உத்தரவை உயர் நீதிமன்றத்தின் பரிந்துரையில் ஆளுநர் வெளியிடுவார். 50, 55, 58 வயதில் பணிப்பதிவை மறுஆய்வு செய்து கட்டாய ஓய்வு கொடுக்கும் வழியும் இருக்கிறது.

பெரிய குறை மௌனம். புகார் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது புகார்தாரருக்குத் தெரிவதில்லை, இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்ற விலக்கு குறுக்கே வரும். வெளிநாட்டில் எப்படி என்று பாருங்கள்: அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் நகர நீதிபதி ராபர்ட் ரெஸ்டைனோ, 2005இல் ஒரு செல்போன் ஒலித்ததற்காக, யாருடையது என்று தெரியாமல் 46 பேரைக் காவலில் வைக்க உத்தரவிட்டார். நீதிபதிகள் நடத்தை ஆணையம் 2007இல் அவரை நீக்கத் தீர்மானித்தது. முடிவு காரணங்களோடு, பெயரோடு வெளியானது. இங்கேயும் நிரூபணமான வழக்குகளையாவது அப்படி வெளியிட வேண்டும். வெளியிடாதவரை, முறையாக நடந்த விசாரணையைக்கூட மக்கள் நம்ப மாட்டார்கள்.

பயந்து ஒதுங்க வேண்டாம். நல்லெண்ணத்துடன் உயர் நீதிமன்றத்திடம் கீழமை நீதிபதியைப் பற்றிச் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு பாதுகாக்கிறது. அதையே முகநூலில் எழுதினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை அஃபிடவிட் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்ததால் வழக்கு நிற்காது, நீதிபதியும் மாற மாட்டார். வேறு கோர்ட் வேண்டுமென்றால் சிவில் வழக்குக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவிலும், கிரிமினல் வழக்குக்கு சன்ஹிதாவின் 447 அல்லது 448ஆம் பிரிவிலும் வழக்கை மாற்றக் கேட்டுத் தனியாக மனு போட வேண்டும். அப்பீல் காலமும் ஓடிக்கொண்டே இருக்கும்: சிவில் தீர்ப்பு என்றால் மாவட்ட அளவில் 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். அப்பீலை முதலில் பதிவு செய்துவிட்டு விஜிலென்ஸ் மனுவை எழுத உட்காருங்கள்.