புற ஊதாப் படங்களுக்கு எந்த லென்ஸ், எந்த ஃபில்டர்?

புற ஊதா ஒளியில் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் லென்ஸைத் தேடித்தான் முதலில் அலைகிறார்கள். புற ஊதாவை மட்டும் விட்டு மற்ற ஒளியைத் தடுக்கும் ஃபில்டரிலிருந்து தேடலைத் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. லென்ஸ் சுமாராக இருந்தால் வெளிச்சம் குறையும், கூர்மை கொஞ்சம் மங்கும். ஃபில்டர் சுமாராக இருந்தால் கிடைப்பது புற ஊதாப் படமே அல்ல.

புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கச் சென்சாரின் மேல் வைத்துள்ள கண்ணாடியை எடுத்துவிட்டு, முழு நிறமாலைக்கும் மாற்றிய கேமரா கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தகைய சென்சாரில் புற ஊதா மிக மங்கலாகவே பதியும். அகச்சிவப்போ தாராளமாகப் பதியும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பின் பங்கே மிக அதிகம். ஆகவே ஃபில்டரில் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மேல், அதாவது அகச்சிவப்பில், சிறு கசிவு இருந்தாலும் படத்தை அது விழுங்கிவிடும்.

முதலில் லென்ஸ்கள். இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவற்றில் பெயர்பெற்றது யூவி நிக்கோர் 105 மி.மீ. எஃப்/4.5. குவார்ட்ஸும் ஃபுளோரைட்டும் கொண்டு, பசையால் ஒட்டாமல் தனித்தனியாக அமைத்த ஆறு வில்லைகள். 220 முதல் 900 நானோமீட்டர் வரை ஒளியை விடும் (400க்குக் கீழுள்ளதே புற ஊதா). சாதாரண வெளிச்சத்தில் குவியத்தைச் சரிசெய்தால் புற ஊதாவிலும் அதே இடத்தில் கூர்மையாக இருக்கும். 60 மி.மீ. எஃப்/4 கோஸ்டல் ஆப்ட் லென்ஸும் இதே வகை; ஏறக்குறைய 315 முதல் 1100 வரை குவியம் மாறாது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவை, புற ஊதாவுக்காகச் செய்யப்படாமலே அதைக் கடத்திவிடும் பழைய லென்ஸ்கள். உலோக உடல் கொண்ட பழைய எல் நிக்கோர் 80 மி.மீ. எஃப்/5.6 என்லார்ஜர் லென்ஸ் (இருட்டறையில் ஃபிலிமைப் பெரிதாக்கி அச்சிட உதவுவது) அவற்றில் முதன்மையானது. எம்42 என்ற திருகு மரையால் கேமராவில் பொருந்தும் பழைய 35 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ்கள் சிலவும் நன்றாக உழைக்கின்றன. காரணம் எளியது: வில்லைகள் குறைவு, பூச்சும் எளிமையானது. புதிய லென்ஸ்களில் கண்ணாடி வகைகளும் பல அடுக்குப் பூச்சும் ஒட்டும் பசையும் சேர்ந்து புற ஊதாவைத் தின்றுவிடும். என்லார்ஜர் லென்ஸில் குவிய வளையம் கிடையாது என்பதால், நீண்டு சுருங்கும் திருகுக் குழாய் ஒன்றைப் பின்னால் பொருத்த வேண்டும்.

220 வரை போகும் லென்ஸோடு 350க்கு அருகில் தளர்ந்துவிடும் லென்ஸை ஒப்பிடுவது நியாயமா என்று தோன்றலாம். ஆனால் ஏறக்குறைய 295 நானோமீட்டருக்குக் கீழான சூரிய ஒளியை ஓசோன் படலம் தரைக்கு விடுவதே இல்லை. மாற்றிய வண்ணக் கேமராக்களில் பெரும்பாலானவை 320க்குக் கீழே அநேகமாக எதையும் பதிவதுமில்லை. திறந்தவெளியில் பூக்களைப் படமெடுப்பவருக்கு யூவி நிக்கோரின் அடிப்பகுதி வீண்தான். அதில் அவருக்கு உண்மையில் பயன்படுவது குவியம் விலகாத குணம். அதையும் கேமராவின் நேரடித் திரையில், ஃபில்டரை மாட்டியபடியே, வெயிலில் நின்று குவியம் பார்த்துச் சமாளிக்கலாம். தடயவியல், ஓவிய ஆய்வு போன்று அளவெடுத்து ஒப்பிடும் பணிகளுக்குச் சிறப்பு லென்ஸ் தேவை. மற்றவர்கள் பழைய லென்ஸோடு மனநிறைவாக இருக்கலாம்.

இனி ஃபில்டர். போட்டி இரண்டு முறைகளுக்கு இடையில்.

ஒன்று, பாடர் யூ ஃபில்டர். வெள்ளிக் கோளின் மேகங்களைப் படமெடுக்க வானியலாளர்களுக்காகச் செய்யப்பட்டது. சுமார் 320 முதல் 390 வரை விட்டு, அகச்சிவப்பை மெல்லிய படலங்களின் குறுக்கீட்டால் தடுக்கிறது. ஒற்றைத் துண்டு, மெலிதானது, ஒளி இழப்பும் குறைவு. ஆனால் இவ்வகைப் படலத்தில் ஒளி சாய்ந்து விழுந்தால் கடத்தும் பட்டை குறுகிய அலைநீளம் நோக்கி நகரும். அகன்ற கோண லென்ஸில் ஓரங்களின் நிறமும் வெளிச்சமும் மாறுவது இதனால்தான். கண்ணாடிபோல் மின்னும் பரப்பு என்பதால் எதிரொளிப்புத் தொல்லையும் உண்டு.

மற்றொன்று, ஒளியை உறிஞ்சும் இரு கண்ணாடிகளை அடுக்குவது. யூஜி11, யூ-340 போன்ற கருங்கண்ணாடிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்தாலும் 720 அருகே கசியும். யூஜி1, யூ-360 ஆகியவற்றில் இந்தக் கசிவு இன்னும் பெரிது. அதை அடைக்க எஸ்8612 அல்லது பிஜி39 என்ற நீலப்பச்சைக் கண்ணாடியைச் சேர்க்கிறார்கள். கோணம் மாறினாலும் பட்டை இடம்பெயராது என்பது பெரிய ஆறுதல். தடிமன் கூடுவதும் ஈரத்தில் நீலப்பச்சைக் கண்ணாடி மங்குவதும் குறைகள்; உலர்த்தும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருப்பது நல்லது.

50 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸுக்கு நான் பாடரையே சொல்வேன். 35 மி.மீ.யும் அதற்குக் கீழும் என்றால், 2 மி.மீ. தடிமன் எஸ்8612 சேர்ந்த அடுக்கு. கருங்கண்ணாடியை மட்டும் வாங்கி மாட்டுவதை எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் எடுத்த மலரின் இதழில் தெரிவது அகச்சிவப்பின் பளபளப்பு. புற ஊதாவையும் பார்க்கவல்ல தேனீ இதழில் காணும் கோலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஒரு மரம் போதும். புற ஊதாவில் இலைகள் கருமையாகவும், வானம் வெளிறியும் வரும். அகச்சிவப்பில் இது தலைகீழ். இலை வெளுத்து, வானம் இருண்டால் ஃபில்டர் கசிகிறது. ஐயம் தீராவிட்டால், 420க்குக் கீழே முழுதாகத் தடுக்கும் வெளிர்மஞ்சள் ஃபில்டரை அதன் முன்னே வைத்து, அதே ஒளியளவில் மீண்டும் எடுங்கள். படம் முற்றும் கருப்பாக வர வேண்டும். எஞ்சித் தெரிவதெல்லாம் கசிவு.

புற ஊதா விளக்கொளியில் பொருள்கள் தாமாக ஒளிர்வதைப் படமெடுப்பது வேறு வேலை. அங்கே கேமராவுக்கு வருவது சாதாரண ஒளி. ஆகவே கேமராவை மாற்றவோ சிறப்பு லென்ஸ் தேடவோ வேண்டியதில்லை. கருங்கண்ணாடி விளக்கின் முன்னே, வெளிர்மஞ்சள் ஃபில்டர் லென்ஸின் முன்னே, புற ஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உங்கள் கண்களுக்கு.